பெயருக்கான இடம்

கணினி மறுபடியும் நின்றது.

"குடும்பத் தலைவர் பெயர் காலி" என்றது திரை.

ஆராயி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். உப்பளத்திலிருந்து நேரே வந்தவள். குதிகாலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

சுனாமியில் வீடு போனவர்களின் விவரம் மாலைக்குள் சென்னைக்குப் போக வேண்டும். விவரம் போகாத குடும்பத்துக்கு வீடு இல்லை.

சென்னைக் கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவத்தில் அதைக் கட்டித் தர, பதிவு செய்ய வந்திருந்த நிவேதா தன் புரோகிராமில் 'கிளாஸ்' என்னும் ஓர் உதவிப் பகுதி எழுதி வைத்திருந்தாள். பெயரையும் ஊரையும் கொடுத்தால் போதும். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் வர வேண்டிய தொடக்கக் குறி, முடிவுக் குறி எல்லாம் அதுவே போடும். குடும்பத்துக்குள் பிள்ளைகளை அதுவே அடுக்கும். ஓர் இடம் காலியாக இருந்தாலும் கட்டாது. யாருக்கும் தவறு நேரக் கூடாதென்று அவளே வைத்த விதி அது.

"வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கக்கா."

ஆராயி தாலியைத் தொட்டுக்கொண்டு சிரித்தாள். கட்டியவர் உயிரோடு இருக்கையில் அவர் பேரை அந்தப் பக்கத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். காலையிலிருந்து ஒவ்வொருத்திக்கும் கூட வந்தவர்கள்தான் பேர் சொன்னார்கள். சற்று முன் பக்கத்து வீட்டு ஜெயாவின் புருஷன் பேரை, "குறட்டை கலியன்னு போடும்மா" என்று அறையையே சிரிக்க வைத்தவள் ஆராயி.

"கடலுக்குப் போயிருக்காரு. வந்ததும் அவரையே கேட்டுக்க."

பக்கத்தில் நின்ற ஜெயா பேரைச் சொல்ல வாயெடுத்தாள். ஆராயி அவள் கையை அழுத்தினாள்.

"நீ சும்மா இருடி."

நிவேதா அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு கிளாஸைத் திறந்து தன் விதியை மாற்றினாள். காலியென்றால் நிற்காதே. குறிகளைப் போட்டு, நடுவில் இடம் விடு.

விவரம் ஒழுங்காக வந்தது.

"பேர் வேணாங்க்கா. உங்க வீடு உண்டு. இந்த எடம் அண்ணனுக்கு. வந்ததும் எழுதிக்கலாம்."

இரண்டு குறிகளுக்கு நடுவிலிருந்த வெறுமையை ஆராயி வெகுநேரம் பார்த்தாள்.

"அவர் வர்ற வரைக்கும் வச்சிருப்பியா?"

"வச்சிருப்பேங்க்கா."

இதுவரை யாரும் ஆராயியிடம் அப்படிச் சொன்னதில்லை.

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ராஜவேல்னு போடும்மா."

ஜெயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிவேதாவின் விரல்கள் விசைப்பலகையின் மேலேயே நின்றன.

"அண்ணன் எப்பக்கா கடலுக்குப் போனாரு?"

"போன வருசம்," என்றாள் ஆராயி. "கிறிஸ்மஸுக்கு மறுநா காலையில."