கோகிலாம்பாள் விழுந்த இடம்

மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மீசையை எடுத்திருந்தான். புதுச் சட்டை. ஆனால் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற அந்த நிற்பு மாறவில்லை.

அவள் புருஷன்.

கையில் டிக்கெட்டோடு, கூட்டத்தில் ஒருவனாக நின்றான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஜார்ஜ் டவுனில் கடைகள் அடைத்துக் கிடந்தன. பழைய சென்னையில் கொலைகள் நடந்த இடங்களுக்குக் கூட்டிப்போய், அங்கேயே நடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி அது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இருபது இருபத்தைந்து பேர். நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்ட அருமைநாயகம். கதை சொல்கிறவரும் அவர்தான், கொலைகாரனும் அவர்தான்.

கொலையாகிறவள் அவள். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் புருஷன் கையால் செத்த கோகிலாம்பாள்.

போன தை மாதம் காங்கேயத்தில் செருப்பில்லாமல் பஸ் ஏறியவள் அவள். கழுத்துக் காயத்தின்மேல் ஈரத்துணி சுற்றியிருந்தாள். ஏன் வந்தாள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அருமைநாயகத்துக்கும் தெரியாது.

யாரோ எடுத்த வீடியோ ஊர்வரைக்கும் போயிருக்க வேண்டும். முகத்துக்கு மாவு பூசலாம். குரலுக்கு என்ன பூசுவது?

கீழே அருமைநாயகம் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

இப்போது அவள் அலற வேண்டும்.

அலறினாள்.

கூட்டம் சிலிர்த்துப்போனது. அவள் ஒருநாளும் அப்படி அலறியதில்லை.

மரப்படிகளில் இறங்கித் தெருவுக்கு ஓடிவந்தாள். வேறு வழி இல்லை. படி அந்தத் தெருவில்தான் முடிகிறது.

“காப்பாத்துங்கய்யா! என்னக் கொல்ல வந்துட்டான்!”

அவள் பேச வேண்டிய வசனமே அதுதான்.

கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நெசமாலுமே வந்துட்டான்க்கா.”

அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: “என்னமா நடிக்கிறாங்க பாரேன்.”

கைபேசிகள் இன்னும் கிட்டே வந்தன. அவனும் ஒன்றை உயர்த்திப் பிடித்திருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

அருமைநாயகம் அவள் கூந்தலைப் பிடித்தார். தகரக் கத்தி கழுத்தில் ஓடியது. உள்ளங்கையில் மறைத்திருந்த சாயப் பொட்டலம் உடைந்தது.

விழுந்தாள். கண்ணை மூடினாள்.

கைதட்டல்.

இதற்குப் பிறகு அவளுக்கு வேலை இல்லை. கூட்டம் அடுத்த கொலைக்குப் போகும். அவர்கள் முனை திரும்புகிறவரை செத்துக் கிடக்க வேண்டும். பிறகு எழுந்து, முகம் கழுவி, டீ குடிக்கப் போவாள்.

அப்போது தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

செருப்புச் சத்தம் ஒன்று நெருங்கி வந்தது. பிணத்தோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் குனிவது வழக்கம்தான். யாரும் தடுக்கவில்லை.

பாக்கு வாசனை.

“நல்லாத்தான் நடிக்கற. போதும். ஊட்டுக்குப் போலாம் வா.”

முழங்கைமேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. இறுக்கவில்லை. அவசரமில்லாத கை.

“அடுத்து நாம பார்க்கப் போறது...” என்று அருமைநாயகம் தொடங்கினார். கால்கள் நகர ஆரம்பித்தன.

அவளுக்குக் கை கால் எதுவும் தன்னுடையதாகத் தெரியவில்லை. உண்மையாகவே செத்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

எழுந்து உட்கார்ந்தாள்.

யாரோ வீறிட்டார்கள். பிறகு சிரிப்பு. இன்னும் பலமாகக் கைதட்டல்.

“முடியலீங்க,” என்றாள். “இவரு சொல்ற கததான் இங்க முடிஞ்சுபோச்சு. எனக்கு முடியலீங்க. எல்லாரும் எங்கூட வாங்க. ஒருத்தரும் உட்டுட்டுப் போயராதீங்க.”

கோகிலாம்பாள் இப்படிப் பேசமாட்டாள்.

அருமைநாயகம் அவளைப் பார்த்தார். அவள் முழங்கையை விடாத கையைப் பார்த்தார். அந்தக் கைக்கு உரியவனைப் பார்த்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா கூப்பிடறாங்கல்ல? வாங்க சார். வாங்க மேடம். கிட்ட வாங்க. அவங்களச் சுத்தி நின்னு நடங்க.”

சுற்றி ஆள் சேரச்சேர முழங்கையிலிருந்து கை நழுவியது.

கண்ணாடிக்காரியின் கையை மறுபடி பிடித்துக்கொண்டு நடந்தாள். வளையல் அழுந்தியும் விடவில்லை. அந்தப் பெண் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

பால் பெட்டிகள், ஒரு தள்ளுவண்டி, படுத்திருந்த மாடு. எல்லாவற்றையும் தாண்டி, முதுகுக்குப் பின்னால் அந்தச் செருப்பு தேய்ந்துகொண்டே வந்தது. திரும்பவில்லை. திரும்பினால் கால் நின்றுவிடும்.

முனையில் வழக்கமாக வலப்பக்கம் போவார்கள். அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

போலீஸ் ஸ்டேஷன்.

தேய்கிற சத்தம் நின்றது.

“நிக்காதீங்க சார், போங்க, உள்ள ஏதோ சீன் இருக்கு போல,” என்று பின்னால் வந்தவர்கள் அவனையும் தள்ளிக்கொண்டு படியேறினார்கள்.

மேசையில் இருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“என்ன கூட்டம் இது? ஷூட்டிங்கா? பர்மிஷன் இருக்கா?” கேட்டுக்கொண்டிருந்தவர் அவள் கழுத்தைப் பார்த்தார். பதறி எழுந்தார். “ஏம்மா, ரத்தம்!”

“இது சாயமுங்க மேடம்.”

தன் பெயரைச் சொன்னாள். சென்னைக்கு வந்த பிறகு முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். ஏன் ஓடிவந்தாள் என்பதையும் சொன்னாள்.

பிறகுதான் திரும்பினாள். விரலை நீட்டினாள்.

“அதா நிக்கறாரு பாருங்க. அவருதானுங்க.”

கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள்.