முதல் வருட மார்க்

"திமிர் பிடிச்ச பொண்ணு டாக்டர். குட்மார்னிங் சொன்னேன். சுவத்துல இருக்கிற போட்டோவைப் பார்த்துக்கிட்டு நிக்குதே தவிர, திரும்பக்கூட இல்ல!"

பொரிந்து தள்ளிவிட்டுக் காபிக் கோப்பையை மேஜையில் வைத்தாள் பெகி. டாக்டர் விட்லாக் சிரித்தார். அவரிடம் உதவியாளராக இருந்து இருந்து பெகிக்கும் ஆட்களை எடைபோடும் வியாதி தொற்றிவிட்டது. மருத்துவக் கல்லூரி இண்டர்வியூவுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பதற்றத்தில் சொந்தப் பெயரே மறந்துபோகும். குட்மார்னிங் எம்மாத்திரம்?

"வரச் சொல்லு. நான் பார்த்துக்கறேன்."

பார்ப்பதில் அவர் மன்னர். நோயாளி கதவைத் திறந்து நாற்காலிக்கு வந்து சேருவதற்குள் பாதி நோயைச் சொல்லிவிடுவார் என்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் முழுக்கப் பேர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மாரிட் உள்ளே வந்தாள். மாட்டுப் பண்ணைக்காரர் மகள். பனியில் நனைந்த பூட்ஸ், யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு. உட்கார்ந்த கையோடு கேட்டாள்.

"டாக்டர், உங்க பின்னாடி இருக்கிற திரையை இழுத்து விட்டுக்கலாமா? பனி வெளிச்சம் கண்ணைக் கூசுது."

வந்ததும் வராததுமாக அதிகாரமா என்று நினைத்தபடி விட்லாக் எழுந்து இழுத்துவிட்டார்.

"நேரா விஷயத்துக்கு வரேம்மா. கடைசி ரெண்டு வருஷம் எல்லாத்துலயும் 'ஏ'. முதல் வருஷம் கெமிஸ்ட்ரி 'டி', பயாலஜி 'டி', பிசிக்ஸ் 'சி'. என்ன ஆச்சு?"

"தெரியல டாக்டர்."

"தெரியலையா! காலையில வந்த பையன், தாத்தா செத்துட்டார்னான். அடுத்து வந்தவ, காதல் தோல்வின்னா. அட்மிஷன் கமிட்டி கேட்டா நானும் ஏதாவது சொல்லணுமே?"

"பொய் சொல்ல வரல டாக்டர். கெமிஸ்ட்ரியைத் திரும்பப் படிச்சு 'ஏ' வாங்கினேன். ஆனா பழைய 'டி' போக மாட்டேங்குது. ரெண்டையும் சேர்த்துத்தானே கூட்டறாங்க? போன வருஷம் பதினோரு காலேஜுக்குப் போட்டேன். ஒருத்தரும் கூப்பிடல. இந்த வருஷம் கூப்பிட்டது நீங்க மட்டும்தான்."

"கிளாசுக்குப் போகாம ஊர் சுத்தினியா?"

"ஒரு நாள்கூடத் தவறல. முந்நூறு பேர் உட்கார்ற ஹால். முட்டி மோதிப் பார்த்தேன், ஒண்ணும் மண்டையில ஏறல. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல மொத்தமே ஒன்பது பேர். ஒரே மேஜை, எதிர்ல டீச்சர். அங்க நான்தான் ஃபர்ஸ்ட். இங்க வந்தப்புறம்தான் நான் மக்குன்னு புரிஞ்சுது."

"அந்த மக்கு அப்புறம் எப்படி 'ஏ' வாங்குச்சு?"

"ரெண்டாவது வருஷம் புத்தகத்தைக் கட்டிக்கிட்டு நானே படிச்சேன், தேறினேன். மூணாவது வருஷத்துலேருந்து சின்ன கிளாஸ். பத்துப் பேர்தான், புரொபசர் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார். எல்லாம் தானா புரிய ஆரம்பிச்சிடுச்சு."

பத்துப் பேர் வகுப்பில் மார்க்கை அள்ளிக் கொடுத்திருப்பார்கள் என்று விட்லாக்குக்குத் தோன்றியது. போதாக்குறைக்கு இந்தப் பெண் அவர் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீசையில் காபி ஒட்டியிருக்கிறதோ என்று இரண்டு முறை துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று அவரை இழுத்துப் பிடித்தது. அவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்து நர்ஸ் நேற்று போனில் சொன்னது.

"எங்க பெருசுங்க பேசினா எல்லாரும் வேற வேலையைப் பார்த்துக்கிட்டே 'ம்' கொட்டுவாங்க டாக்டர். இவ ஒருத்திதான் எதிர்ல உட்கார்ந்து, முகத்தையே பார்த்துக் கேப்பா. இவளைக் கோட்டை விட்டுடாதீங்க."

சேர்ப்பதா, வேண்டாமா? முடிவுக்கு வர முடியாமல் கோப்பையோடு எழுந்து ஜன்னலருகே போனார் விட்லாக். திரையை விலக்கி வெளியே கொட்டும் பனியைப் பார்த்தபடியே கேட்டார்.

"கடைசியா ஒரு கேள்வி. இந்த வருஷமும் சீட்டு கிடைக்கலேன்னா என்ன பண்ணுவே?"

பதில் இல்லை.

"உன்னைத்தாம்மா கேக்கறேன்."

பெகி சொன்னது சரிதான், திமிரேதான். சுருக்கென்று திரும்பினார்.

மாரிட் முறைக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அவர் எப்போது பேசுவார் என்று ஆவலோடு காத்திருந்தாள்.

விட்லாக்கின் கோபம் போன இடம் தெரியவில்லை. கோப்பையை மெல்ல உயர்த்தி, வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்.

"என் ஓட்டு உனக்குத்தான் மாரிட்."

அவள் அப்படியே காத்திருந்தாள்.

கோப்பையை இறக்கிவிட்டு, அவளுக்கு நேராகக் குனிந்து, அதையே மறுபடி சொன்னார். மாரிட் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பெகியிடம் விட்லாக் சொன்னார். "காது டாக்டருக்கு உடனே ஒரு போன் போடு. திமிரும் இல்ல, மக்கும் இல்ல பெகி. இத்தனை வருஷமா எதிர்ல இருக்கிறவங்க உதட்டைப் பார்த்தே எல்லாத்தையும் படிச்சிருக்கு இந்தப் பொண்ணு, அவளுக்கே அது தெரியாது!"