அடுப்புச் சாம்பல்

காட்டுக் குடிலை விட்டுக் கிளம்புகிறவர்கள், அடுத்து வருகிறவர்களுக்காக விறகு கீறி அடுக்கி வைக்க வேண்டும். அதுதான் அந்த மலைப்பாதையின் முறை. தக்கலையிலிருந்து மலையேற வந்த ஜெபிஷுக்கும் மனைவி ஜெனிலாவுக்கும் குடில்தோறும் சூடான சாம்பல்தான் மிச்சம் கிடைத்தது. மழையில் நனைந்து நனைந்து ஜெனிலாவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது.

"நமக்கு முன்ன எந்தச் சவம் போவுது?" என்று ஜெபிஷ் எரிந்து விழுந்தான்.

"ஆரும் போவல்ல மக்கா. இந்த வாரம் நீங்க ரெண்டு பேருந்தான்," என்றார் வழிகாட்டி ராஜையன்.

கடைசிக் குடிலின் கூரையில் புகை எழுந்தது. ஜெபிஷ் ஓடிப்போய்க் கதவை உதைத்தான்.

"தொறலே! எனக்க பெண்டாட்டி குளுருல வெறைக்கியா!"

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. பிறகு, ஜெபிஷின் குரலிலேயே ஒருவன் மெல்லச் சொன்னான்:

"தொறக்காத, ஜெனிலா."