சின்ன போர்டு

“சின்னதா இருந்தாலும் பரவால்ல தமிழு. எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா தொலைஞ்சேன்!”

தோட்டத்துப் பக்கம் நின்று போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள் ஜெயசுதா. பாத்ரூமுக்குள் தலை நிறைய சோப்போடு நின்ற அவள் புருஷன் அறிவுச்செல்வனுக்கு, நுரை கண்ணில் இறங்கியதுகூட உறைக்கவில்லை. வயிறுதான் எரிந்தது.

தமிழழகனை அவனுக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவன். பாலிடெக்னிக்கில் ஜெயசுதாவோடு படித்தவன், இன்னும் கல்யாணம் ஆகாதவன். போதாதா?

அன்றைக்குத் தன் கடையில் அறிவுச்செல்வனுக்குக் கையே ஓடவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம். மனு அடிக்கவும் சாதிச் சான்றிதழுக்கு எழுதிப் போடவும், சங்கராபுரம் தாலுக்கா ஆபீஸ் பக்கத்தில் இருந்த அவன் டைப்பிங் கடையில் ஜனம் முண்டியடித்தது. அவனுடைய கிழட்டுக் கம்ப்யூட்டரோ ஒரு பக்கம் திறப்பதற்குள் முக்கி முனகியது. பாதிப் பேர் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

சாப்பாடு கொண்டுவந்த ஜெயசுதா கூட்டத்தைப் பார்த்தாள். “இந்த ஜனத்துக்கு ஒரு கடை பத்தாதுங்க. நவுருங்க, நானும் கொஞ்சம் அடிச்சுத் தரேன்.”

“கை வெக்காத! ஒனக்கு இன்னா தெரியும்? வூட்டுக்குப் போ.”

அவள் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு நடந்தாள். போகிற போக்கில் போனைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

மறுநாள் காலை, “அம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரேங்க” என்று கிளம்பினாள். அம்மா வீடு இருப்பது மூங்கில்துறைப்பட்டில். அம்மணி ஏறியதோ கள்ளக்குறிச்சி பஸ். அறிவுச்செல்வன் ஷட்டரை இழுத்துப் போட்டுவிட்டு பைக்கை உதைத்தான்.

பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. பைக் இட ஒதுக்கீட்டு மறியலில் மாட்டிக்கொண்டது.

“வழி வுடுங்கண்ணா, அவசரம்!”

“நம்ம பசங்க படிப்ப வுட இன்னாப்பா அவசரம்?”

அதற்கு என்னத்தைச் சொல்வது? பொண்டாட்டியைப் பிடிக்கப் போகிறேன் என்றா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஒருவழியாகத் தமிழழகன் கடையைப் பிடித்ததும், மாஸ்க்கைக் கண்வரை ஏற்றிக்கொண்டு வாசலில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினான்.

“இத்தப் பாரு சுதா” என்றான் உள்ளே தமிழழகன்.

சுதாவா! தாலி கட்டியவனே ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுகிறான், இவனுக்கு என்ன சுதா வேண்டிக்கிடக்கு?

“ஒரு சாணுக்கும் கம்மிதான், சின்ன டப்பாவுலயே அடங்கிடும். ஆனா இதுல இன்னா இல்ல? ராம் மெமரிக்கு ரெண்டு ஸ்லாட்டு, முப்பத்திரண்டு ஜிபி வரைக்கும் போட்டுக்கலாம். எஸ்எஸ்டி டிஸ்க்கு போர்டு மேலயே படுத்துக்கும், ஒயரே வாணாம். வைஃபையும் உள்ளயே கீது.”

“பழைய மானிட்டரு சேருமா?”

“விஜிஏ, எச்டிஎம்ஐ ரெண்டும் கீது. யூஎஸ்பி ஆறு. பிரிண்டரு, ஸ்கேனரு எல்லாத்தியும் ஒண்ணா மாட்டு. அவரு கம்ப்யூட்டரு ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள இது பத்து பக்கம் அடிச்சுத் தள்ளிடும்.”

அறிவுச்செல்வன் எட்டிப் பார்த்தான். ஜெயசுதாவின் கையில் இருந்தது ஒரு மதர்போர்டு. அட, இவ்வளவுதானா!

சீ, என்ன மனுஷன் நான்! கடையில் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, எனக்கே தெரியாமல் வாங்கித் தர நினைத்தவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். “சுதா!” என்றான், கல்யாணமாகி முதல் தடவையாக. “இதெல்லாம் எனக்கோசரமா?”

தமிழழகன் திருதிருவென்று விழித்தான். ஜெயசுதா போர்டைப் பத்திரமாக அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“ஒங்களுக்கில்லீங்க. ஒங்க கடைக்கு எதிர்த்தாப்புல நான் கடை போடறேன்.”