நாயை விடமாட்டோம்

“மலை உச்சிக்குப் போற பாதையில நாயை விடுவீங்களா?” என்று வனத்துறை கவுண்டரில் கேட்டாள் ஒரு பெண்மணி.

“தாராளமா கூட்டிட்டுப் போகலாம்மா” என்றார் வனக்காவலர்.

அவள் முகம் வாடிவிட்டது. “விடமாட்டோம்னு சொல்லிடுங்களேன்.”

நாயைக் கண்டாலே ஆகாதவள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குள் அவள் கணவர் நாயோடு உள்ளே வந்தார். வாசலில் நாலு படி ஏறியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டையின் திறந்த கழுத்து வழியே, நெஞ்சில் ஆபரேஷன் தழும்பு இன்னும் சிவப்பு மாறாமல் தெரிந்தது.

“உச்சிக்கு எந்தப் பக்கம் சார்? டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க, அதெல்லாம் கேட்டா ஆகுமா?”

வனக்காவலர் அவளை ஒரு தரம் பார்த்தார்.

“மன்னிக்கணும் சார், அங்க நாயை விடறதில்லை. ஏரியைச் சுத்தி சமதளமா ஒரு பாதை இருக்கு.”

கணவர் குனிந்து நாயின் தலையைத் தடவினார்.

“உன்னை விட்டுட்டு நான் எங்கடா போகப்போறேன்? வா, ஏரிக்கே போவோம்.”