நூறடி தள்ளி

ஓட்டலுக்கு நூறடிக்குள் சாப்பாட்டு வண்டி நிற்கக் கூடாது. அந்த ஊர்ச் சட்டம் அது. அதைச் சொல்ல ஒரு தகரப் பலகை இருந்தது.

பலகை விரட்டியதும் இட்லி வண்டி சுடுகாட்டுச் சுவரோரம் போய் நின்றது. அங்கே ஈ காக்கை இல்லை. அவித்த இட்லியெல்லாம் ஆறிப்போனது. வண்டி மூன்று மாதம் பொறுத்தது. மெல்ல ஆள் சேர்ந்தது, வரிசையும் நின்றது.

வரிசையைப் பார்த்த ஒருவர் எதிரிலேயே ஓட்டல் திறந்தார். மறுநாள் பலகையும் வந்து இறங்கியது.

"கிளம்பு."

"நான்தானே அண்ணே முதல்ல வந்தேன்?" என்றது வண்டி.

"யார் முதல்ல வந்தா எனக்கென்ன? நூறடி இருக்கா, அதான் கேள்வி."

வண்டி அடுப்பை அணைத்துவிட்டு நகர்ந்தது.

"எந்தப் பக்கம் போறே? சொல்லிட்டுப் போ," என்றது பலகை. "அடுத்து நானும் அங்கதானே வரணும்."