பிணத்துக்கு ஓட்டு உண்டா?

சிம்மாசலத்தைச் சங்க அலுவலக முற்றத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மங்கதாயாரு கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். கிருஷ்ணாநகர் தெருவில் போன ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, கும்பிட்டுவிட்டுப் போனார்.

"கொஞ்சம் மெதுவா அழும்மா. உள்ளே ஓட்டுப் பதிவு நடக்குது," என்று ஜன்னல் வழியாகச் சொன்னார் வக்கீல் சாஸ்திரி. துணை நடிகர் சங்கத் தேர்தலுக்கு அவர்தான் அதிகாரி.

"அழுகை இல்லாம பொணம் எப்படி சார் எடுபடும்? சும்மா படுத்துக் கிடந்தா தூங்கறாருன்னு சொல்லிடுவாங்க," என்று மூக்கைச் சிந்தினாள் மங்கதாயாரு. பாயில் கிடந்த பிணம் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சிம்மாசலம் பல வருடங்களாகத் தெலுங்குப் படங்களில் பிணமாக மட்டுமே நடிப்பவர். வெள்ளத்தில் கரை ஒதுங்கியிருக்கிறார், தண்டவாளத்தில் கிடந்திருக்கிறார், எத்தனையோ கதாநாயகர்களுக்கு அப்பாவாகப் பாடையில் போயிருக்கிறார். அன்று மத்தியானம் ஓட்டுப் போட வந்தவரை, செயலாளர் பதவிக்குப் போட்டியிடும் கொண்டல ராவ் வாசலிலேயே மறித்துவிட்டான்.

"இவரு எப்படி சார் நடிகர்? கண்ணை மூடிப் படுக்கறதெல்லாம் ஒரு நடிப்பா? எங்க மாமனாரு தினம் மத்தியானம் சோறு தின்னுட்டு அதைத்தான் செய்யறாரு. அவருக்கும் கார்டு குடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிம்மாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று ஓட்டு இல்லை என்றால் நாளைக்குச் சங்கத்து கார்டும் இல்லை. கார்டு இல்லாதவனை எந்தப் படப்பிடிப்புக்கும் கூப்பிட மாட்டார்கள். இது அவரோடு முடியாது. சந்தையில் காய் வாங்குகிறவர்கள், கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று வசனமே இல்லாத அத்தனை பேரையும் அடுத்தடுத்துக் கழித்துக்கட்டிவிடலாம்.

அவர்கள் சார்பில்தான் மங்கதாயாரு அதே செயலாளர் பதவிக்கு நின்றாள். போன தேர்தலில் கொண்டல ராவ் அவளிடம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றவன். ஒரு ஓட்டின் அருமை அவனுக்குத் தெரியும்.

சாஸ்திரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். 'கேமரா முன் நடிப்பவர்' என்றுதான் இருந்தது. பிணத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

"நடிச்சே காட்டறேன் சார்," என்றார் சிம்மாசலம். "அசைஞ்சேன்னா ஓட்டும் வேணாம், கார்டும் வேணாம்."

"எவ்வளவு நேரம்?"

"எனக்குத் திருப்தி ஆகற வரைக்கும்," என்று முந்திக்கொண்டான் கொண்டல ராவ்.

சாஸ்திரி தலையாட்டினார். "ஆட்சேபணை சொன்னவரே வாபஸ் வாங்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா ஒண்ணு, அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவேன். அப்புறம் கடவுளே வந்தாலும் ஓட்டு கிடையாது."

அப்படித்தான் பாய் வந்தது, அழுகை வந்தது.

அழுகை உச்சத்தில் இருந்தபோது கொண்டல ராவின் ஆட்கள் படப்பிடிப்பிலிருந்து நேராக வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாம் அடியாள் வேஷம் கட்டும் பயில்வான்கள். கன்னத்தில் ஒட்டிய வெட்டுத் தழும்பைக்கூட எடுக்கவில்லை. உள்ளே போகத் திரும்பியவர்கள், பாயைப் பார்த்ததும் சுற்றி நின்றுவிட்டார்கள்.

ஒருவன் கோழி இறகால் உள்ளங்காலைத் தடவினான். இன்னொருவன் சூடான மிளகாய் பஜ்ஜியை மூக்கடியில் காட்டினான். தொப்புளில் வைத்த ஐஸ்கட்டி உருகி இடுப்பில் வழிந்தது. சிம்மாசலம் அசையவில்லை. வயிறு ஏறி இறங்காமல் மூச்சுவிடும் வித்தை அவருக்குத் தெரியும்.

"பாபாய், உன் பொண்டாட்டி வர்றா. கையில கட்டை வேற இருக்கு," என்று சித்தப்பா முறை கொண்டாடினான் ஒருவன். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிணம் சிரிக்கவில்லை.

"என் தொண்டை வறண்டு போச்சு. வாங்கடி, உள்ளே போய்த் தண்ணி குடிச்சிட்டு வரலாம்," என்று கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தாள் மங்கதாயாரு. பெண்கள் அவள் பின்னால் போனார்கள். இடம் காலியானதும் பயில்வான்கள் இன்னும் நெருங்கிக்கொண்டார்கள்.

ஒரு கட்டெறும்பு சிம்மாசலத்தின் கழுத்தில் ஏறி, கன்னத்தைக் கடந்து, இமையில் போய் நின்றது. இமை துடிக்கவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது.

"அண்ணா, உசுரு இருக்குல்ல? எனக்கு பயமா இருக்கு," என்றான் ஒரு பயில்வான் மெதுவாக.

"போதும்ணா, பாவம், விட்டுடு," என்றான் இன்னொருவன்.

கொண்டல ராவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "எனக்கு இன்னும் திருப்தி ஆகலியே," என்றான்.

எறும்பும் நகரவில்லை, யாரும் நகரவில்லை.

உள்ளே மணி அடித்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது.

கொண்டல ராவ் பாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எந்திரி பாபாய். உன்னை மாதிரி ஒரு நடிகன் ரெண்டு தெலுங்கு மாநிலத்துலயும் கிடையாது. ஆட்சேபணையை வாபஸ் வாங்கிட்டேன். ஆனா என்ன பண்றது, கதவைச் சாத்திட்டாங்களே."

சிம்மாசலம் கண்ணைத் திறந்தார். எறும்பை விரல் நுனியில் எடுத்துத் தரையில் விட்டார். எழுந்து உட்கார்ந்து, தன்னைச் சுற்றி வட்டமாக நின்ற பயில்வான்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என் ஒரு ஓட்டு போனாப் போகுது தம்பி. உன் ஆளுங்கல்லாம் எப்பப் போட்டாங்க?"